காகிதமின்றிக் கற்றல்: மாணாக்கர் குறிப்பேடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

கல்லூரி வகுப்பறைகளில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்துவரும் மாறுதல்களுள், பார்வைக்குச் சிறியதாகவும் ஆராயுந்தோறும் பெரியதாகவும் தோன்றுவது ஒன்று உண்டு. அது, மாணாக்கர் பலர் நோட்டுப் புத்தகத்தைக் கைவிட்டு, டேப்லெட் என்று எல்லாரும் வழங்கும் கையடக்கக் கணினியின் கண்ணாடித் திரைமேல் மின்பேனாவால் குறிப்பெடுக்கத் தொடங்கியிருப்பதாகும். பாடத்திற்கு ஒரு நோட்டு, அவற்றோடு பாடப் புத்தகங்கள், ஆசிரியர் தந்த அச்சுத் தாள்கள், தேர்வுக்கு முன் ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்த மூத்த மாணவர் குறிப்புகள் என்று தோளை அழுத்திய சுமையெல்லாம் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள ஒரே பலகைக்குள் அடங்கிவிடுவதும், தேடிய பக்கம் நொடியில் அகப்படுவதும், எழுதியதை அழித்தும் இடம் மாற்றியும் செப்பஞ்செய்ய முடிவதும் இம்முறையின் சௌகரியங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சௌகரியம் வேறு, கல்வி வேறு. குறிப்பெடுக்கும் வேலையை எளிதாக்கும் சாதனம் கற்கும் வேலைக்கும் அவ்வாறே துணைசெய்கிறதா என்பதே மாணாக்கரும் பெற்றோரும் கல்லூரிகளும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உளவியல் அறிஞர் பலர் இவ்வினாவைப் பரிசோதனை வாயிலாக ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றை ஒருங்கே வைத்து நோக்கி, மாணாக்கர் கொள்ளத்தக்க முறை யாது என்று தெளிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதுபொருளும் ஞாபகமும்

எழுதும் பொருள் மாறும்போது எழுத்தின் உருவம் மட்டுமன்றி எழுதுவோனுடைய மனத்தின் பழக்கமும் மாறுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டுக் கல்வி வரலாறே தக்க சான்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, பின்னர்ப் பனையோலையில் எழுத்தாணியால் கீறக் கற்றான். அவ்வோலைச் சுவடிகளிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவாய் நின்றன. ஆகவே பொருளை முன்பே ஒருவாறு அறிந்தவனுக்கே ஏடு தெளிவாக வாசிக்கக் கிடைத்தது, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பட்ட பெரும்பாட்டில் ஒரு பகுதி இக்காரணத்தால் நேர்ந்ததே. அக்காலத்து மாணாக்கனுக்கு நூல் மனத்தில் இருந்தது, ஏடு அதற்குத் துணையாய் நின்றது. காகிதமும் அச்சும் பரவிய பின்னர், நூல் அலமாரியில் இருக்க, அதனை வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிம்மதி மனத்தில் குடிபுகுந்தது. மனப்பாடத்தின் ஆட்சி தளர, சொந்தமாகக் குறிப்பெடுக்கும் பழக்கம் வளர்ந்தது.

இவ்வகையில் ஒவ்வோர் எழுதுபொருளும், மனத்துக்குள் வைக்க வேண்டியது எது, புறத்தே வைத்துவிடலாவது எது என்னும் எல்லைக் கோட்டைச் சிறிது நகர்த்துகிறது. 1972-ஆம் ஆண்டில் டி வெஸ்டா, கிரே என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், குறிப்பெடுத்தலுக்கு இரண்டு பயன்கள் உண்டு என்று பிரித்துக் காட்டினர்: எழுதும் செயலே பொருளை மனத்தில் பதிப்பது ஒன்று, எழுதியது பிற்காலத்தில் படிப்பதற்கு உதவும் சேமிப்பாய் நிற்பது மற்றொன்று. இப்பிரிவினை இன்றளவும் இத்துறை ஆராய்ச்சிக்கு அடிப்படையாக இருந்துவருகிறது. கையடக்கக் கணினி இரண்டாவது பயனைப் பன்மடங்கு பெருக்கிவிட்டது என்பது வெளிப்படை. முதலாவது பயனை அது காத்துத் தருகிறதா, கரைத்துவிடுகிறதா என்பதே நம்முடைய ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

திரைக்குப் பேனா வந்த வரலாறு

மின்னணுப் பலகையில் பேனாவால் எழுதும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தார், கம்பிகள் பின்னிய ஒரு பலகையில் பேனாவை நகர்த்தினால் வேறொரு திரையில் கோடு தோன்றும்படியான கருவியை அமைத்தனர். 1972-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆலன் கே என்பவர், எல்லா வயதுக் குழந்தைகளும் நோட்டுப் புத்தகத்தைப் போலக் கையில் எடுத்துச் செல்லத்தக்க கணினி ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு டைனபுக் என்று பெயரிட்டு எழுதினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பேனாவோடு கூடிய கணினிகளைக் கொணர்ந்தது. அவை எடை மிகுந்தும் விலை மிகுந்தும் இருந்தமையால் மாணாக்கரிடையே பரவவில்லை. 2010-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வெளிவந்து பலகைக் கணினியை உலகறியச் செய்தபோது, அது விரலுக்கென்று அமைந்த கருவியாகவே இருந்தது. படிக்கவும் பார்க்கவும் ஏற்றதாயிருந்த அளவுக்கு எழுதுவதற்கு ஏற்றதாயில்லை. 2015-இல் அந்நிறுவனம் பென்சில் என்னும் பெயரால் ஒரு மின்பேனாவை வெளியிட்ட பிறகே நிலைமை மாறியது. பேனா நகர்வதற்கும் கோடு தோன்றுவதற்கும் இடையிலான தாமதம், நிறுவனத்தார் அறிவித்தபடி, 2019-இல் 20 மில்லிநொடியிலிருந்து 9 மில்லிநொடியாகக் குறைந்தது. எழுதுகையில் திரைமேல் படியும் உள்ளங்கையைப் பிரித்தறிந்து விலக்கும் நுட்பமும் செம்மையுற்றது. கை எழுத, கண் அதனை உடனே காண, இடையில் கருவி இருப்பதே மறந்துபோகும் நிலை ஏற்பட்ட பின்புதான், காகிதத்தை விட்டுவிடலாமா என்ற கேள்வி மாணாக்கருக்கு உண்மையான கேள்வியாயிற்று.

இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல், மாணாக்கருக்கென மிகக் குறைந்த விலையில் ஆகாஷ் என்னும் கையடக்கக் கணினியைப் புதுதில்லியில் வெளியிட்டார். அழுத்தினால்தான் உணரும் வகையைச் சேர்ந்த அதன் ஏழங்குலத் திரையும், மெதுவாய் இயங்கிய உள்ளமைப்பும் குறைகூறலுக்கு இடமளித்தன; ஏழை மாணாக்கனையும் எட்ட வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்ததாயினும் அத்திட்டம் நிலைபெறவில்லை. கருவியை மாணவன் கையில் சேர்ப்பதும், அதைக்கொண்டு அவன் தடையின்றி வேலை செய்யும்படி அமைப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை அந்த அநுபவம் நாட்டுக்கு உணர்த்தியது.

தமிழில் படிக்கும் மாணாக்கருக்குப் பேனாவின் வரவு தனிப்பட்ட நன்மை ஒன்றையும் தந்தது. விசைப்பலகையில் தமிழை விரைந்து அடிக்கப் பயின்றவர் சிலரே. அதிலும் ஒரே வரியில் தமிழ்ச் சொல்லும், ஆங்கிலக் கலைச்சொல்லும், கணிதச் சமன்பாடும், கரிம வேதியியலின் அறுகோண வளையமும் கலந்து வரும்போது விசைப்பலகை திணறிவிடும். பேனாவுக்கோ இவையெல்லாம் கோடுகளே. 2015-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டுச் செயலி தமிழ்க் கையெழுத்தையும் அறிந்து அச்செழுத்தாக மாற்றியது. எழுதுவது கையால், தேடுவது கணினியால் என்ற இணைப்பு தமிழுக்கும் இயலும் என்பது அதனால் தெளிவாயிற்று.

பரிசோதனைகள் கூறுவன

கையால் எழுதுவதா, விசைப்பலகையில் அடிப்பதா என்ற வாதத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி, பாம் மியூல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் 2014-இல் வெளியிட்டது. சொற்பொழிவு ஒன்றைக் கேட்ட மாணாக்கருள் ஒரு சாரார் காகிதத்திலும் மற்றொரு சாரார் மடிக்கணினியிலும் குறிப்பெடுத்தனர். மடிக்கணினியில் எழுதியோர் மிகுதியான சொற்களை எழுதினர். பேச்சாளரின் சொற்களை அப்படியே பதிந்தனர். ஆனால், செய்தியை மட்டும் கேட்ட வினாக்களில் இரு சாராரும் ஒத்திருக்க, கருத்தைப் புரிந்துகொண்டு விடையளிக்க வேண்டிய வினாக்களில் காகிதத்தில் எழுதியோரே மேம்பட்டனர். சொல்லுக்குச் சொல் எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தும் விசைப்பலகையாளர் அப்பழக்கத்தை விட இயலவில்லை என்பது மற்றொரு பரிசோதனையில் புலனாயிற்று. பேச்சின் வேகத்தை எட்ட முடியாத கை, கேட்டவற்றுள் எதைக் கொள்வது, எதை விடுவது என்று மனத்தைத் தீர்மானிக்கச் செய்கிறது. வேகமாக அடிக்கும் விரல்களோ அத்தீர்மானத்தை அவசியமற்றதாக்குகின்றன என்பது அவர்கள் கொண்ட விளக்கம்.

இம்முடிவு உலகெங்கும் பரவியது. எனினும் ஆராய்ச்சி உலகில் ஒரு பரிசோதனை இறுதித் தீர்ப்பாகிவிடுவதில்லை. 2019-இல் மோர்ஹெட், டன்லாஸ்கி, ராசன் ஆகியோர் அதே பரிசோதனையை மீண்டும் செய்து, மின்பலகையில் கையால் எழுதுவோரையும் குறிப்பே எடுக்காதோரையும் சேர்த்து ஒப்பிட்டனர். கையெழுத்துக்குச் சாதகமான சாயல் ஆங்காங்கே தோன்றினும், குழுக்களுக்கிடையே உறுதியான வேறுபாடு தொடர்ந்து காணப்படவில்லை. குறிப்புகளை மாணாக்கர் மறுபடி படித்த பின்னர், இருந்த சிறு வேறுபாடும் மேலும் குறைந்துபோயிற்று. 2021-இல் ஹெதர் அரி முதலியோர் செய்த மறு பரிசோதனையிலும் மடிக்கணினியாளர் மிகுதியாகவும் சொல்மாறாமலும் எழுதினர் என்பது உறுதிப்பட்டது. உடனே வைத்த தேர்வில் அவர்கள் பின்தங்கினர் என்பது உறுதிப்படவில்லை. 2024-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு இருபத்துநான்கு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கி, கையால் எழுதியோர்க்குச் சிறிதளவு நன்மை உண்டு என்ற முடிவுக்கு வந்தது. ஆகவே நடுவுநிலையில் நின்று கூறுமிடத்து, கையெழுத்தின் மேன்மை உண்மையே. ஆனால், பத்திரிகைகள் பறைசாற்றிய அளவுக்கு அது பெரியதன்று.

மேற்கண்ட ஆராய்ச்சிகளுள் பெரும்பாலானவை ஒப்பிட்டது கையையும் விசையையுமேயன்றிக் காகிதத்தையும் திரையையும் அன்று என்பதைக் கவனித்தல் வேண்டும். நார்வே நாட்டில் திரோந்தைம் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் டெர் வீல், வான் டெர் மீர் என்னும் ஆராய்ச்சியாளர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மிகவும் பொருத்தமானது. முப்பத்தாறு மாணாக்கரின் தலையில் 256 மின்முனைகள் கொண்ட வலையை அணிவித்து, சொற்களை எழுதும்போதும் அடிக்கும்போதும் மூளையில் எழும் மின்னலைகளை அவர்கள் பதிவு செய்தனர். எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே ஏற்பட்ட தொடர்புகள், அடிக்கும்போது காணப்பட்டவற்றைவிட மிக விரிவாயிருந்தன. கையெழுத்தின் பெருமைக்குச் சான்றாக, ஆகவே காகிதத்தின் பெருமைக்கும் சான்றாக, இவ்வாய்வைப் பலர் காட்டுவதுண்டு. ஆனால் அம்மாணாக்கர் எழுதியது காகிதத்தில் அன்று, தொடுதிரையின்மேல் மின்பேனாவால். அடித்தது ஒரே ஒரு விரலால் என்பதும், கற்றல் எவ்வளவு நிகழ்ந்தது என்பதை இவ்வாய்வு அளக்கவில்லை என்பதும் அதன் வரம்புகள். அவ்வரம்புக்குள் நின்று பார்த்தாலும், எழுத்துக்கு எழுத்து வேறுபடும் கையசைவே அப்பரிசோதனையில் மூளையைத் தூண்டியது. அவ்வசைவு கண்ணாடித் திரையின் மேலும் நிகழ்ந்தது.

இடமும் நினைவும்

அப்படியாயின் காகிதமும் திரையும் சமமே என்று முடித்துவிடலாமோ எனின், ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்கச் செய்கிறது. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் குனியோஷி சக்காயும் அவருடைய கூட்டாளிகளும் 2021-இல், பதினெட்டு முதல் இருபத்தொன்பது வயதுடைய நாற்பத்தெட்டுப் பேரை மூன்று குழுவாக்கி, ஓர் உரையாடலில் வந்த நாள், நேரம், வேலை முதலியவற்றை ஒரு குழுவார் காகித நாட்குறிப்பிலும், மற்றொரு குழுவார் கையடக்கக் கணினியில் மின்பேனாவாலும், மூன்றாவது குழுவார் கைப்பேசியிலும் குறித்துக்கொள்ளச் செய்தனர். காகிதக் குழு ஏறத்தாழ 11 நிமிடத்தில் வேலையை முடித்தது. மின்பேனாக் குழுவுக்கு 14 நிமிடமும் கைப்பேசிக் குழுவுக்கு 16 நிமிடமும் ஆயின. ஒரு மணி நேரம் கழித்து அவற்றை நினைவுகூரச் செய்து மூளையைப் படம்பிடித்தபோது, ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலும், மொழிக்கும் காட்சிக்கும் உரிய பகுதிகளிலும் காகிதக் குழுவினரிடத்தே இயக்கம் மிகுந்திருந்தது.

மின்பேனாவாலும் கையெழுத்தே நிகழ்ந்திருக்க இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இடத்திலிருந்து வந்தது என்பது அவ்வறிஞர் கருத்து. காகிதத்தில் எழுதியது ஓர் இடத்தில் நிலைத்து நிற்கிறது. இடப்பக்கத்தின் மேல்மூலையில், மடங்கிய ஓரத்துக்கு அருகில், மை சற்றுப் படர்ந்த வரியில் அதைக் கண்டோம் என்ற உணர்வு செய்தியோடு சேர்ந்தே மனத்தில் பதிகிறது. தேர்வு மண்டபத்தில் விடை நினைவுக்கு வராதபோதும், அது நோட்டின் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பது மட்டும் கண்முன் நிற்கும் அநுபவத்தைப் படித்தவர் யாவரும் அறிவர். மேலுங்கீழும் ஓடி, விரிந்து சுருங்கி, முடிவின்றி நீளும் திரையில் எழுத்துக்கு நிலைத்த இருப்பிடம் இல்லை. ஆயினும் அவ்வறிஞரே இதற்கு மாற்று வழியையும் கூறியுள்ளார்: மின்னணுப் பக்கத்திலும் அடிக்கோடிட்டு, வட்டமிட்டு, அம்புக்குறி வரைந்து, ஓரத்தில் பல நிறங்களில் கைப்படக் குறிப்பெழுதி அதற்குத் தனி முகத்தை அளித்தால் இக்குறை ஒருவாறு நீங்கக்கூடும் என்பது அவர் அபிப்பிராயம்.

படிப்பதைப் பற்றிய ஆராய்ச்சிகளும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. 2000 முதல் 2017 வரை வெளிவந்த ஐம்பத்துநான்கு ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டவற்றை, டெல்காடோ முதலிய அறிஞர் 2018-இல் தொகுத்து நோக்கினர். தகவல் தரும் உரைநடையைத் திரையில் படிப்போர் காகிதத்தில் படிப்போரைவிடச் சற்றுக் குறைவாகவே கிரகிக்கின்றனர் என்றும், நேர நெருக்கடி இருந்தால் இக்குறை மிகுகின்றது என்றும், கதை முதலியவற்றைப் படிப்பதில் இவ்வேறுபாடு இல்லை என்றும் அவர்கள் கண்டனர். பாடப் புத்தகம் தகவல் தரும் நூல். தேர்வுக்கு முந்திய இரவோ நேர நெருக்கடி மிக்கது. ஆதலால் மாணாக்கன் நிலை இவ்விரண்டினும் அகப்பட்டுக்கொள்கிறது.

கவனம் என்னும் செல்வம்

காகித நோட்டின் பெருஞ்சிறப்பு, அதனால் வேறொன்றும் செய்ய முடியாது என்பதே. டேப்லெட்டிலோ, குறிப்பேட்டுக்கு ஒரு விரலசைவு தொலைவில் வாட்ஸப் செய்தியும், கிரிக்கெட் ஆட்டமும், திரைப்படமும் காத்திருக்கின்றன. கனடாவில் சனா, வெஸ்டன், செபேடா ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியில் வேறு வேலைகளையும் சேர்த்துச் செய்தவர் தேர்வில் ஏறத்தாழ 11 சதவீதம் குறைவாகப் பெற்றனர். வியக்கத்தக்கது என்னவெனில், தாம் ஒழுங்காகக் காகிதத்தில் எழுதியபோதும், பிறர் அவ்வாறு செய்யும் திரையைப் பார்க்கும்படி பின்னால் அமர்ந்திருந்தவர் ஏறத்தாழ 17 சதவீதம் குறைவாகப் பெற்றமையே. ஆகவே கவனச் சிதறல் தன்னோடு முடிந்துபோகும் சொந்தக் குற்றமன்று. அடுத்த பெஞ்சில் இருப்பவருடைய கல்வியையும் அது கவர்ந்துகொள்கிறது. மேசைமேல் படுத்துக் கிடக்கும் கையடக்கக் கணினி, நிமிர்ந்து நிற்கும் மடிக்கணினித் திரையைப் போலப் பிறர் கண்ணை அவ்வளவாக இழுப்பதில்லை என்பது உண்மையாயினும், எழுதுவோனுடைய மனத்தை இழுக்கும் ஆற்றல் அதற்கும் குறைந்ததன்று.

காற்கூறும் முழுமையும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கன் பாடங்கேட்கும் முறையை விரித்துரைக்கும் இடத்தில், ஆசிரியர் சொன்னதைக் குறைவற ஏற்றுக்கொண்டாலும் கிடைப்பது புலமையில் காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும் என்றும், தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்றும் வகுத்துக் கூறுகிறது. இக்கணக்கை இன்றைய நிலைமையோடு பொருத்திப் பார்ப்பது மிகவும் பிரயோஜனமுள்ளது. ஆசிரியர் பேச்சைச் சொல்மாறாமல் பதிவுசெய்தும், அவர் காட்டிய பவர்பாயிண்ட் பக்கங்களை முழுமையாக இறக்கிக்கொண்டும், ஒலியையும் உடன் சேமித்தும் வைத்த மாணாக்கன், மின்னணு உலகம் தரக்கூடிய எல்லாச் சௌகரியத்தையும் பயன்படுத்திய பின்னரும், நன்னூலார் கணக்கில் அந்தக் காற்பங்கின் வாயிலில்தான் நிற்கிறான்.

நிறைய வைத்திருக்கிறோம் என்னும் உணர்வு நிறைய அறிந்திருக்கிறோம் என்னும் மயக்கத்தைத் தருகிறது. இப்புதிய முறையில் மாணாக்கனை எதிர்நோக்கும் முதன்மையான அபாயம் இதுவே. ஜெராக்ஸ் கடை இருந்த காலத்திலேயே இம்மயக்கம் தலைகாட்டியதுண்டு. இப்போதோ முதல் மதிப்பெண் பெற்றவருடைய குறிப்பு முழுவதும் பி.டி.எஃப். கோப்பாக வகுப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு நிமிடத்தில் எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. அக்குறிப்பால் விளையக்கூடிய பயனில் முதன்மையான பகுதி, அதை எழுதியவர் எழுதும்போதே அவருக்குக் கிடைத்துவிட்டது. பெற்றுக்கொண்டவருக்கு வந்து சேர்வது சேமிப்பு மட்டும்.

எஞ்சிய முக்காற்பங்கை ஈட்டும் வழியைத் தற்கால உளவியலும் நன்னூலோடு ஒத்தே கூறுகிறது. ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் மேம்பட்டனர். ஆனால், படித்துவிட்டு மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களை விஞ்சினர். டன்லாஸ்கி முதலியோர் 2013-இல் பத்துக் கற்றல் முறைகளை மதிப்பிட்டபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதையும், படிப்பை நாள்களிடையே பரப்பி வைத்துக்கொள்வதையும் உயர்ந்த பயனுடையவை என்றும், மறுபடி படிப்பதையும் நிறந்தீட்டி வைப்பதையும் குறைந்த பயனுடையவை என்றும் வகுத்தனர். டேப்லெட் வாங்கிய மாணாக்கர் மிகுந்த சிரத்தையோடு செய்வது பல நிறங்களில் தீட்டுவதும், தலைப்புகளை அழகெழுத்தில் அமைப்பதுமே என்பதை எண்ணும்போது, இம்முடிவின் முக்கியத்துவம் விளங்கும். பக்கத்துக்கு அடையாளம் தரும் அளவுக்கு நிறம் வேண்டியதே. அலங்காரமே படிப்பாகிவிடும் அளவுக்கு அது வளர்தல் தகாது.

மரமும் பாதுகாப்பும்

காகிதத்தை விடுவதால் மரம் பிழைக்கும் என்ற நம்பிக்கையும் சற்று ஆராயத்தக்கது. கரூர் மாவட்டத்தில் புகழூரை அடுத்த காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-இல் தொடங்கப்பட்டது முதல், சர்க்கரை ஆலைகளில் கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையை முதன்மையான மூலப்பொருளாகக் கொண்டு பெயர் பெற்றது. ஆகவே நம் மாணாக்கர் எழுதும் தாளெல்லாம் வெட்டப்பட்ட மரத்தின் உருமாற்றம் என்று கொள்வதற்கில்லை. ஏ4 அளவுத் தாள் ஒன்று ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளாயின் ஒரு தாள் 5 கிராமும், 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோவும் நிற்கும். ஒரு கிலோ காகிதம் செய்வதற்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளிப்படுவதாகவும், ஒரு டேப்லெட்டைச் செய்து பயன்படுத்தி முடிப்பதற்குள் எண்பது கிலோ வெளிப்படுவதாகவும் உத்தேசமாக வைத்துக்கொண்டால், ஒரு கருவி முப்பத்திரண்டு ரீமுக்குச் சமம். ஆண்டுக்கு நான்கு ரீம் செலவிடும் மிக உழைப்பாளியான மாணாக்கனும் அதை ஈடுசெய்ய எட்டு ஆண்டுகள் அதே கருவியை வைத்திருக்க வேண்டும். எனவே, சுற்றுச்சூழலின் நன்மை கருதுவோர், வாங்கிய கருவியை நெடுநாள் பேணிக் காப்பதிலேயே அந்நன்மையைத் தேட வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவோர்க்கு அப்பெருமை உரியதன்று.

சேமிப்பின் நிலைபேறும் சிந்தனைக்குரியது. ஓலைச் சுவடியைக் கரையான் அரிக்கும் முன்னர்ப் பெயர்த்தெழுத வேண்டிய கடமை நம் முன்னோர்க்கு இருந்தது. மின்னணுக் குறிப்புக்கும் அத்தகைய கடமை உண்டு. குறிப்புகள் ஒரு தனியார் செயலிக்குள் மட்டும் இருக்குமாயின், அந்நிறுவனத்தின் விதிகளுக்கு அவை கட்டுப்பட்டவை. நோட்டபிலிட்டி என்னும் குறிப்புச் செயலி 2021-இல் ஆண்டுச் சந்தா முறைக்கு மாறியபோது, முன்பே விலை கொடுத்து வாங்கியோர் எதிர்ப்புத் தெரிவித்து, தம் உரிமையை மீட்டுக்கொண்டனர். எவர்நோட் நிறுவனம் 2023-இன் இறுதியில் இலவசப் பயனாளருக்கு ஐம்பது குறிப்பு என்று வரம்பு கட்டியது. 2008 முதல் சர்வதேசத் தரமாக விளங்கும் பி.டி.எஃப். வடிவத்தில் பருவத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்வதே தக்க காப்பு.

கொள்ளத்தக்க முறை

இவ்வளவும் கூறியதிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. டேப்லெட்டில் குறிப்பெடுப்போர் விசைப்பலகையை விட்டு மின்பேனாவையே கொள்க. ஆசிரியர் தந்த பக்கங்களின் ஓரத்தில் ஓரிரு சொல் சேர்ப்பதோடு நில்லாமல், வெற்றுப் பக்கத்தில் தம் சொற்களால் எழுதுக. முடிவின்றி நீளும் தாளை விட்டு, ஏ4 அளவில் எல்லை வகுத்த பக்கங்களையே அமைத்துக்கொண்டு, பெரிதாக்கிச் சுருக்காமல் முழுப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுக. வகுப்பு முடியும்வரை இணையத் தொடர்பைத் துண்டித்து வைக்க. கார்னல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறைப்படி, பக்கத்தின் இடப்புறத்தில் ஒரு குறுகிய பத்தி விட்டு, அன்று மாலையே அதில் வினாக்களை எழுதி, வலப்புறத்தை மறைத்துக்கொண்டு விடை சொல்லிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். எழுதியதை மறைத்துத் திறக்கும் வசதி சில செயலிகளிலேயே அமைந்துள்ளது. நண்பர்க்குக் கோப்பை அனுப்புவதைவிட, அவர்களை எதிரே அமர்த்திப் பாடத்தை எடுத்துரைப்பது இருவர்க்கும் நன்மை; நன்னூலார் கூறிய அரைப்பங்கு அங்கேயே உள்ளது. ரெக்கார்டு நோட்டும் மூன்று மணி நேரத் தேர்வும் நம் கல்லூரிகளில் இன்னும் காகிதத்திலேயே நிகழ்வதால், வாரத்தில் சில நாளேனும் தாளில் பேனாவால் விரைந்தெழுதும் அப்பியாசத்தைக் கைவிடலாகாது.

டேப்லெட் வாங்கும் வசதியில்லாத மாணாக்கர் கல்வியில் எதையும் இழந்தவராகார் என்பதை அழுத்தமாகச் சொல்லுதல் அவசியம். மேலே கண்ட ஆராய்ச்சி எதுவும் நாற்பது ரூபாய் நோட்டைக் கருவிக்குத் தாழ்ந்ததென்று காட்டவில்லை, சில அதனை உயர்ந்ததென்றே காட்டின. இதற்கெனக் கடன்படுவதற்கோ, கல்லூரிகள் கருவியைக் கட்டாயமாக்குவதற்கோ ஆராய்ச்சி இடந்தரவில்லை. மின்பேனாவும் கட்டுப்பாடும் உடைய மாணாக்கரைத் தடைசெய்வதற்கும் அது இடந்தரவில்லை. எந்தச் சாதனத்தைக் கொண்டாலும், கேட்டதைத் தெரிந்தெடுத்துத் தன் சொல்லில் ஆக்கி, மூடிவைத்து நினைந்து, பிறர்க்கு உரைக்கும் பழக்கமே கல்வியைத் தருகிறது; அப்பழக்கத்தை மாணாக்கர் தாமே தட்டித் தடுமாறிக் கண்டுகொள்ளும்படி நாம் விட்டுவைத்திருக்கிறோம். முதலாண்டு மாணாக்கர்க்கு வகுப்புத் தொடங்கும் முதல் வாரத்திலேயே, எந்தப் பாடமும் தொடங்குமுன், குறிப்பெடுக்கும் கலையை ஆசிரியர் ஒருவர் முறையாகக் கற்பிப்பாராயின், அம்மாணாக்கர் கையில் இருப்பது காகிதமா, கண்ணாடியா என்பது அவர்தம் சௌகரியத்தையும் வசதியையும் பொறுத்த சிறு விஷயமாகிவிடும்.